கம்ப்யூட்டர் சொன்ன நேரமும் நான் செய்த திருட்டும்

ஜூலை 6, திங்கள். விடாத மழை.

முதல் வேலை போட்டாதாங் பேட்டை, ஆறாம் மாடி வீடு, ஏசி ரிப்பேர். மூச்சு வாங்க ஏறிப் பையைத் திறந்தால் கேஸ் மீட்டர் இல்லை. கீழே சைக்கிளிலேயே கிடக்கிறது. வீட்டுக்காரம்மா பால்கனிக் கயிற்றை இறக்க, கீழே டீக்கடைக்காரர் மீட்டரைக் கயிற்று நுனிக் கிளிப்பில் மாட்டி அனுப்பினார். கடையே அண்ணாந்து பார்த்தது. என்னை அண்ணன் முறையில் 'கோ' போட்டுக் கூப்பிடும் டீக்கடைக்காரர் கத்தினார்: "கோ மணி, அடுத்த தடவை உங்களையும் கட்டித் தூக்கிரலாம்."

மகள் வள்ளியின் கம்ப்யூட்டர் புரோகிராம் இன்று முதல். என் பதினோரு வருட வேலை நோட்டுகளை உள்ளே ஏற்றியிருக்கிறாள். என்ன பழுது, எந்த வீடு, தொடங்கிய நேரம், முடிந்த நேரம். அதிலிருந்து கற்றுக்கொண்டு, இனி வரும் வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்னாலேயே சொல்லுமாம். செயற்கை அறிவு என்று பெயர். நம்மிடம் இயற்கையே பற்றாக்குறை.

ஒரு வாரம் ஓரளவு சரியாகச் சொன்னால் எங்கள் ரிப்பேர் கடை முதலாளி, பெரியவர் ஊ தின், அவளை வேலைக்கு எடுப்பார். இப்போது ரிப்பேருக்குக் கூப்பிடும் பத்துப் பேருக்கும் அவர் சொல்வது ஒன்றே: "காலையில வந்துருவார்."

7, செவ்வாய். வெயில்.

வாங்க வேண்டியது: கெபாசிட்டர் 2, டேப், வீட்டுக்கு முகத்தில் பூசும் தனக்கா.

டோ ஹ்லா அம்மா வீட்டு ஃபிரிட்ஜ், கேஸ் நிரப்ப. கம்ப்யூட்டர் சொன்னது 3 மணி நேரம். சிரித்தேன். ஒரு மணி நேர வேலை. ஒரு மணி நேரத்தில் முடிந்தும் விட்டது. பிறகு அந்தம்மா கொடுத்த மொஹிங்கா, மீன் குழம்பு நூடுல்ஸ், ஒரு கிண்ணம். இன்னொரு கிண்ணம். மருமகள் பற்றிய குறைகள். தெருவில் கால் வைத்தபோது மொத்தம் 2 மணி நேரம் 55 நிமிடம். நோட்டில் நான் 'முடிந்தது' என்று எழுதுவது எப்போதும் அந்த நேரத்தைத்தான்.

இரவு வள்ளி: "அந்த வீட்டுல மட்டும் எப்பவும் மூணு மணி நேரம். அங்க அப்படி என்னப்பா பழுது?"

அடுப்படியிலிருந்து மனைவி: "வயித்துல."

8, புதன். தூறல்.

தாகேதா பக்கம், ஃபிரிட்ஜ் தெர்மோஸ்டாட். கம்ப்யூட்டர் சொன்னது ஒன்றரை மணி நேரம். எனக்கு 40 நிமிடத்தில் முடிந்துவிட்டது. பயம். பிள்ளைக்கு வேலை கிடைக்காமல் போய்விட்டால்? கதவு ரப்பரைத் துடைத்தேன். பின்பக்கக் காயிலைப் பல் பிரஷால் தேய்த்தேன். வீட்டுக்காரர்: "போன தடவை வந்த ஆளு இவ்வளவு சுத்தமா செய்யலை." போன தடவையும் நான்தான்.

சரியாக ஒன்றரை மணி நேரம் ஆனதும் எழுந்தேன். மற்ற இரண்டு வேலையும் இதே லட்சணம்.

9, வியாழன். மழை. வேலை இல்லை.

வள்ளி நேற்றைய கணக்கைப் பார்த்தாள். "மூணும் நிமிஷம் பிசகாம எப்படிப்பா? வீட்ல உக்காந்து எழுதினதுன்னு ஊ தின் சொல்லப் போறாரு."

திருட்டை ஒப்புக்கொண்டேன். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "அது உங்களைப் பார்த்துக் கத்துக்குது. நீங்க அதைப் பார்த்து வேலை செஞ்சா எப்படி?" பல் பிரஷ் கதை கேட்டதும் கோபம் போய்விட்டது. கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு.

புதன் வேலை மூன்றையும் கணக்கிலிருந்து அடித்தாயிற்று. என் கைக்கடிகாரம் பறிமுதல். கம்ப்யூட்டர் சொல்வதை இனி எனக்குச் சொல்ல மாட்டாளாம். உறையில் போட்டு ஒட்டி நேரே ஊ தின்னிடம். மிச்சம் ஒரே நாள்.

10, வெள்ளி. மேகமூட்டம்.

லைங் தாயா, தையல் ஃபாக்டரி, ஏசி மூன்று. நேரம் குறிப்பவர் ஃபாக்டரி கிளார்க். இரண்டு முடிந்தது. மூன்றாவதைப் போட்டுப் பார்க்கும்போது கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் தையல் மெஷின்களுக்கு மட்டும். சும்மா உட்கார்ந்தேன், வெகுநேரம். கரண்ட் போவது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? இரவு சோறு இறங்கவில்லை. வள்ளி இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள்.

11, சனி. நல்ல வெயில்.

ஊ தின் உறையைப் பிரித்தார். 5 மணி நேரம் 20 நிமிடம். கிளார்க்கின் சீட்டு: 5 மணி நேரம் 35 நிமிடம்.

சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கரண்ட் போகும்னு இதுக்கு யார் சொன்னது?"

வள்ளி மரியாதையாக: "அப்பாதான் சயா. கரண்ட் போனப்பல்லாம் நோட்டு ஓரத்துல 'க.போ.'ன்னு எழுதி வச்சிருக்காரு. லைங் தாயா பக்கம் மத்தியானம்னா எப்பவும் க.போ.தான்."

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துரும்மா. அப்பாவைக் கூட்டிக்கிட்டு வராதே, லேட்டாகும்."

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம். "உங்க கையெழுத்துதான்பா பெரிய பாடு. ஒண்ணும் ஏழும் ஒரே மாதிரி. ஆனா ஒரு பக்கம் விடலை."

ஏழாம் வகுப்போடு நின்ற கை, அப்படித்தான் இருக்கும் என்றேன். சொல்லாமல் விட்டது: நான் எழுதியதை முழுதாகப் படித்த முதல் ஆள் நீதான்.