பார்க்கலாம் தாத்தா

ஜூன் 6
காலையிலிருந்து மழை

பேத்தியின் தாத்தாவுக்கு,

மகளுக்கு எழுதிய கடிதத்தில் கடைசி வரியாக, "உன் அம்மா சௌக்கியம்தானே" என்று கேட்டிருந்தீர்கள். அந்த அம்மா அடுத்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளையே கேட்டால் விரல் தேய்ந்துவிடாது. போனில் வேண்டாம். போனில் நீங்கள் "ம்" என்று மட்டும் சொல்கிறீர்கள். கடிதத்தில் வெறும் "ம்" எழுதி ஸ்டாம்பு ஒட்ட முடியாது அல்லவா? நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் எனக்கு வந்த கடிதத்தை நானே படித்துக்கொள்வேன்.

சௌக்கியம்தான். ஆபரேஷன் செய்த கண் நன்றாகத் தெரிகிறது. நடந்ததெல்லாம் அதைவிட நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இந்தத் தீவில் குடித்தனம் என்பது உப்போடு சண்டை. ஜன்னல் கம்பி கையோடு உரிந்து வருகிறது. துவைத்த துணி உலர்ந்த மாதிரியும் இருக்கும், உலராத மாதிரியும் இருக்கும். மாப்பிள்ளையின் பெல்ட்டில் பூஞ்சை. தீப்பெட்டி அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது. ஊசியைப் பவுடர் டப்பாவில் புதைத்து வைக்கிறேன், இல்லாவிட்டால் துருவேறிவிடும். மகள் ஆஸ்பத்திரி வேலைக்கும் மாப்பிள்ளை துறைமுகத்துக்கும் போனபிறகு, மழைக்கு ஒதுங்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் என் தலையில்.

ஒருநாள் கரண்டும் இல்லை. ஒரே கூச்சல். ஜோடி தொலைந்த சாக்ஸ் ஒன்றை எடுத்துப் பொத்தானில் கண் வைத்துத் தைத்து, உள்ளே கையை விட்டுப் பேச வைத்தேன். அடங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து பொம்மை செய்வதுதான் என் பொழுது. ஜலதோஷம் பிடித்த காக்கா, கணக்கு வராத முதலை என்று ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் வராந்தாவில் கொடிக்கயிற்றில் போர்வையைக் கட்டி நாடகம் போடுகிறோம்.

எல்லாம் கைத்தையல். மெஷின் ஏன் இல்லை என்று உங்களுக்கே தெரியும். நான் கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, என் தையல் மெஷினை உங்கள் அக்காவின் மருமகளுக்குத் தூக்கிக் கொடுத்தீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தால் தரையில் அதன் கால் தடம் மட்டும். ஏன் என்றால், "சரி, பார்க்கலாம், வேற வாங்கலாம்" என்று பேப்பரைப் பிரித்தீர்கள். மகளைப் பார்க்க ஒரு மாதம் என்று கிளம்பி வந்தேன். மூன்று வருஷம் ஆயிற்று. நீங்கள் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
நான்தான்

தாத்தா, இது நான், பேத்தி. பாட்டி எழுதாததை எழுதுகிறேன். எங்கள் நாடகத்தில் "பார்க்கலாம் தாத்தா" என்று ஒரு பொம்மை இருக்கிறது. எல்லாருக்கும் அவரைத்தான் பிடிக்கும். அவர் மூக்குக் கண்ணாடி வழுக்கி வழுக்கி விழும், உங்களுடையது மாதிரியே.

•

ஜூன் 19

அன்புள்ள மனைவிக்கு,

உன் கடிதம் நேற்றுதான் கிடைத்தது. கப்பல் தாமதமாம். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவனிடம் தபால்காரர் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

இங்கு யாவரும் நலம். யாவரும் என்றால் நான். சமையல் நானே செய்துகொள்கிறேன். சோறு சில நாள் குழைகிறது, சில நாள் வேக மறுக்கிறது. எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் உன்னை விசாரித்தார். சீக்கிரம் வந்துவிடுவாள் என்றேன். "போன வருஷமும் இதையேதான் சார் சொன்னீங்க" என்றார்.

மெஷின் விஷயம் முடிந்துபோன விஷயம் என்று நினைத்திருந்தேன்.

பேத்தி குறிப்பிட்டுள்ள பொம்மை யார், நாடகத்தில் அவர் என்ன செய்கிறார் என்ற விவரத்தைத் தெரிவிக்கவும். என் கண்ணாடி இப்போது வழுக்குவதில்லை. ஸ்க்ரூ மாற்றியாகிவிட்டது.

இப்படிக்கு,
உன் கணவன்

•

ஜூலை 3
வெயில், துணி காய்ந்தது

பேத்தியின் தாத்தாவுக்கு,

ஆமாம், அது நீங்கள்தான். மறைக்க என்ன இருக்கிறது?

தலைக்கு ஒரு தேங்காய் ஓடு. மணலில் தேய்த்து எண்ணெய் போட்டதும் உங்கள் வழுக்கை மாதிரியே மின்னுகிறது. சட்டை உங்களுடைய பழைய கட்டம் போட்டதுதான். என் பெட்டியில் கண்ணாடிச் சாமானைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தேன்.

கதை இதுதான். பாட்டி தூங்குகிறாள். காக்கா வந்து பானையைக் கேட்கிறது. பார்க்கலாம் தாத்தா கொடுத்துவிடுகிறார். முதலை கட்டிலைக் கேட்கிறது, கொடுக்கிறார். கழுத்து நீண்ட வாத்து ஒன்று வந்து, "தம்பி, இந்தக் கூரை உங்களுக்கு எதுக்கு" என்கிறது. அந்த வாத்து யார் என்று நான் சொல்ல மாட்டேன். கூரையும் போகிறது. பேத்தி மேலேயிருந்து குவளைத் தண்ணீரைத் தெளிப்பாள். தாத்தா நனைந்துகொண்டே கண்ணாடியைத் துடைத்து, "சரி, பார்க்கலாம்" என்பார். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரிக்கிறார்கள்.

எனக்கு வெட்கமில்லையா என்று கேட்பீர்கள். இல்லை. உங்களிடம் சொன்னபோது நீங்கள் பேப்பர் படித்தீர்கள். இங்கே சொன்னால் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார்கள்.

ஒரே ஒரு தொல்லை. முடிவு கேட்கிறார்கள்.

"பாட்டி முழிச்சாங்களா?"

"முழிச்சா. கிளம்பிப் போயிட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போய்க் கால் கழுவுங்க."

முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். உட்கார எப்போதும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வரும் குட்டிப்பெண் மட்டும் போகவில்லை. "அந்தத் தாத்தா பாவம் பாட்டி, தனியா நனையுறாரு" என்றாள். பாவமாம். எனக்கு வந்த கோபத்தில் அன்று சாப்பாடே இறங்கவில்லை.

முடிவு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். தோன்றாது, எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
நான்தான்

•

ஜூலை 16

அன்புள்ள மனைவிக்கு,

அக்கா வீட்டுக்குப் போய் மெஷினைக் கேட்டேன். அது இனிக் கிடைக்காது. சற்று வாக்குவாதம் ஆயிற்று. மற்றபடி விசேஷம் இல்லை.

வாத்து யார் என்று புரிந்தது. அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
உன் கணவன்

•

ஜூலை 27

தாத்தாவுக்கு,

"சற்று வாக்குவாதம்" என்று எழுதிவிட்டு "விசேஷம் இல்லை" என்று முடிக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? நீங்களா, உங்கள் அக்காவோடா?

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, "காபியில சர்க்கரை தூக்கல், பொண்ணு கை தாராளம்தான்" என்றார் உங்கள் அக்கா. நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். மகள் பிறந்தபோது தொட்டிலை எட்டிப் பார்த்து, "மூக்கு அவ அம்மா வீட்டு மூக்கு" என்றார். நீங்கள் ஜன்னலைப் பார்த்தீர்கள். அப்படிப்பட்டவர் வாக்குவாதம் செய்தாராம், அதை நான் அரை வரியில் படிக்க வேண்டுமாம்.

யார் முதலில் ஆரம்பித்தது? நீங்கள் உட்கார்ந்திருந்தீர்களா, நின்றீர்களா? மருமகள் பக்கத்தில் இருந்தாளா? காபி கொடுத்தார்களா, குடித்தீர்களா? ஒரு வார்த்தை விடாமல் எழுதுங்கள். விட்டால் எனக்குத் தெரிந்துவிடும்.

நான்தான்

•

ஆகஸ்ட் 11

அன்புள்ள மனைவிக்கு,

கேட்ட விவரங்கள் பின்வருமாறு.

நான் உட்கார்ந்திருந்தேன். மருமகள் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். காபி வைத்தார்கள். நான்தான் ஆரம்பித்தேன்.

"அக்கா, அந்த மெஷின் எங்கே?"

"எந்த மெஷின்?"

"அவளோட மெஷின்."

"அதுவா? மேல்பாகத்தைப் பழைய இரும்புக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான். கால் ஸ்டாண்டு மேலதான் டிவி நிக்குது. பாரேன், அசையவே இல்ல."

"மருமக தையல் கத்துக்கணும்னுதானே வாங்கினே?"

"கத்துக்கல. அதுக்கு இப்ப என்னங்கறே?"

"இரும்புக்குப் போடறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ அவளைக் கேட்டுட்டா எனக்குக் குடுத்தே?" என்றாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவிடம் சத்தம் போட்டேன். இனி இந்த வாசப்படி மிதிக்காதே என்றாள். எழுந்து வந்துவிட்டேன். காபியைக் குடிக்கவில்லை. உனக்கு இது முக்கியம் என்பதால் எழுதுகிறேன்.

அடுத்த கப்பலில் அங்கு வர டிக்கெட் எடுத்திருக்கிறேன். போகவர இரண்டுக்கும் சேர்த்து. ஆட்சேபணை இருந்தால் உடனே தெரிவிக்கவும். இந்தக் கடிதம் வரும் கப்பலிலேயே நானும் வருவதால் ஆட்சேபணை என்னை வந்தடைய வழியில்லை. டைம் பார்த்துத்தான் எடுத்தேன்.

இப்படிக்கு,
உன் கணவன்

•

செப்டம்பர் 14
மழை விட்டிருக்கிறது

என்னங்க,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக மாப்பிள்ளை சொன்னார். கப்பலில் வாந்தி எடுக்கவில்லை என்று அவரிடம் சொன்னீர்களாமே. நான் நம்பவில்லை.

நீங்கள் வந்த அன்று, நீங்கள் குளித்துச் சாப்பிட்ட பிறகுதான் உங்கள் கடிதம் வந்தது. உங்கள் எதிரிலேயே உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன். இத்தனை வருஷத்தில் உங்கள் அக்கா வாயிலிருந்து வந்த ஒரே நியாயமான வார்த்தை, "நீ அவளைக் கேட்டுட்டா எனக்குக் குடுத்தே" என்பதுதான். அதற்காக என் வணக்கத்தை அவரிடம் சொல்லப் போக வேண்டாம்.

நீங்கள் இங்கே இருந்தபோது நாடகம் போட்ட அந்தச் சனிக்கிழமையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீங்கள் இருந்தவரை நானும் பேசவில்லை, நீங்களும் பேசவில்லை.

நீங்கள் வராந்தாவில் கால் வைத்ததும் வாளிக்குட்டி உங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "பாட்டி, பார்க்கலாம் தாத்தா பெருசாயிட்டாரு" என்றாள். அவ்வளவுதான். "கூரையை ஏன் தாத்தா குடுத்தீங்க", "முதலைக்கு எதுக்கு கட்டில்" என்று ஆளாளுக்குச் சூழ்ந்துகொண்டார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். கோத்த நூலையே திரும்பக் கோத்தேன்.

ஓடிவிடுவீர்கள் என்றுதான் நினைத்தேன். நீங்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து போர்வைக்குப் பின்னால் வந்து, "அதைக் குடு" என்று உங்கள் பொம்மையை வாங்கிக் கையை உள்ளே விட்டுக்கொண்டீர்கள். இடமோ கொஞ்சம். தோள் இடித்தது. அவ்வளவு பக்கத்தில் நாம் நின்று எத்தனை காலமாயிற்று. வியர்வை வாசனை மாறவே இல்லை உங்களுக்கு.

என் கையிலிருந்த பாட்டி பொம்மை என்னை மீறிக் கேட்டுவிட்டது.

"என்னை ஏன் கேக்கல?"

பார்க்கலாம் தாத்தா தலையை ஆட்டினார். கண்ணாடி விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு அவர் சொன்னார்.

"கேட்டா வேணாம்னு சொல்லுவே. அது தெரியும். அதான் கேக்கல."

"தெரிஞ்சேதான் குடுத்தியா?"

"தெரிஞ்சேதான். அக்காகிட்ட இல்லைன்னு சொல்ல எனக்கு வராது. உன்கிட்ட சொல்லாம இருக்க வரும். சுலபமானதைச் செஞ்சேன்."

ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. பேத்தி குவளையைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் தெளிக்க மறந்து நின்றாள்.

மூன்று வருஷமாக நான் நினைத்திருந்தது வேறு. ஆம்பளை புத்தி, யோசிக்காமல் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று. நீங்களோ யோசித்தே கொடுத்திருக்கிறீர்கள். இது அதைவிடப் பெரிய குற்றம். அதனால்தான் இரண்டு நாள் உங்கள் தட்டை டொக்கென்று வைத்தேன். மூன்றாம் நாள் பாத்திரம் தேய்க்கும்போது எனக்கே ஒன்று புரிந்தது. யோசிக்காமல் செய்தவரோடு சண்டை போட்டால் சுவரோடு போடுகிற மாதிரி. யோசித்துச் செய்தவரோடு போட்டால் பதில் வருகிறது. அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வந்தது.

கிளம்புகிற அன்று நீங்கள் "இருக்கட்டுமா" என்று கேட்கவில்லை. நான் "இருங்க" என்று சொல்லவில்லை. கப்பல் கண்ணுக்கு மறையும்வரை பேத்தி என் கையைப் பிடிக்கவில்லை. இப்போதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் திரிகிறாள்.

போன சனிக்கிழமை நாடகம் பாதியில் நின்றுவிட்டது. தாத்தாவுக்கு நான்தான் குரல் கொடுத்தேன். "இது ஒரிஜினல் இல்ல பாட்டி" என்று எழுந்து போய்விட்டார்கள். இந்த அவமானத்தையும் உங்கள் பெயரில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

நான் அங்கே திரும்பி வரப்போவதில்லை. இங்கே எனக்கு வேலை இருக்கிறது. யானைக்கு இன்னும் காது தைக்கவில்லை. நீங்கள்தான் வர வேண்டும். வீட்டைக் காலி செய்துவிட்டு வாருங்கள். உங்கள் கட்டிலைக் கிழக்கு ஜன்னல் ஓரமாகப் போட்டிருக்கிறேன். சாரல் அடிக்கும். சகித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், வந்தபிறகு ஏமாந்தேன் என்று சொல்லக்கூடாது. மெஷின் விஷயத்தில் நான் உங்களை மன்னிக்கவில்லை. இனியும் மன்னிப்பேனா என்பது சந்தேகம். என் மண்டையில் எழுதினது அழியாது. மன்னித்தபிறகுதான் சேர்ந்து இருக்க வேண்டும் என்று காத்திருந்தால் நம் இருவருக்கும் வயது போதாது. அதனால் இங்கே வந்து, மன்னிக்கப்படாமலே என்னோடு இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி