பிலிம் இல்லாத கேமரா

ஈப்போ
12.10.1981

அன்புள்ள மங்களம்,

பிள்ளைக்குச் சளி குறைந்ததா? உன் அப்பா தாம் நடித்ததைப் பற்றி சுங்கை சிப்புட்டில் வீடு வீடாகச் சொல்வதாக எழுதியிருந்தாய். அந்த வரியை நான்கு முறை படித்தேன்.

தேநீர் வாங்கிக்கொடுத்து, ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த நான் உதவி இயக்குநராகிவிட்டது உனக்குத் தெரியும். முதல் நாள் கொடுத்த வேலையை மட்டும் உனக்கு எழுதவில்லை. அந்தத் தொலைக்காட்சிப் படத்தில் மாமாவுக்கு வைத்திருந்த தகப்பன் வேடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதை அவரிடம் நான்தான் சொல்ல வேண்டும்.

மாமா முதல் பஸ்ஸிலேயே வந்து, வேட்டி கட்டி, மரத்தடியில் காத்திருந்தார்.

"எப்பக் கூப்பிடுவாங்க மாப்பிள்ளே?"

"கொஞ்ச நேரத்துல மாமா."

காலையில் படப்பிடிப்பு வீட்டுக்குள் மற்றவரை வைத்து அந்தக் காட்சியை எடுத்து முடித்தோம். எல்லோரும் சாப்பிடப் போனதும், மாமாவையும் ஒரு முறை எடுக்கச் சொல்லி சீனக் கேமராமேன் ஆ செங்கைக் கெஞ்சினேன்.

"பிலிம் இல்ல லா," என்றான்.

"சும்மா ஓட்டு."

மகளைப் பறிகொடுத்த தகப்பனாக மாமா பேசினார். அரைகுறைத் தமிழ் தெரிந்த ஆ செங் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எப்போது வந்தாரோ, பின்னால் நின்ற இயக்குநர், "இவரையே எடுத்திருக்கலாமே," என்று மெல்லச் சொன்னார். விஷயத்தைச் சொல்லாமலேயே மாமாவைப் பஸ் ஏற்றிவிட்டேன்.

தீபாவளியன்று படம் டிவியில் வருகிறது. நேரில் வந்து மாமாவிடம் சொல்லிவிட நேற்று பஸ் நிலையம் வரை போனேன். பஸ் கிளம்பிய பிறகும் அங்கேயே நின்றிருந்தேன்.

அன்று படம் பார்க்க யாரையும் வீட்டுக்குக் கூப்பிட வேண்டாமென்று நீயாவது அவரிடம் சொல். காரணம் கேட்டால், உனக்கும் தெரியாது என்று சொல்லிவிடு.

உன் கணவன்