வந்து சேராத வாயு

12 ஜூன் 1979, செவ்வாய். சரோஜினி நகர், டெல்லி.

ஒரு வாரம் காத்திருந்து கணினி மையத்தில் வாங்கிய முடிவுத் தாளிலும் பழைய விடைதான். நிஜப் பால்வெளியில் இருப்பதைவிட என் கணக்கில் இரும்பு குறைந்த விண்மீன்கள் மிக அதிகம். வெளியிலிருந்து பால்வெளிக்குள் புது வாயு வந்து விழுவதையும் சேர்த்தால் கணக்கு சரியாகிவிடும் என்று ஆய்வு நெறியாளரிடம் மாதக்கணக்கில் வாதாடியவன் நான்.

"அச்சா, உன் வாயு வந்தும் ஒண்ணும் மாறலையேப்பா. விட்டுடு," என்று தாளைத் திருப்பித் தந்தார்.

வீட்டில் கமலா காய்கறி லிஸ்டை நீட்டினாள். கணினிக்கு அட்டைக்கு ஒரு வரியாக நிரலைக் கொடுக்கும் துளை அட்டைகளில் நான் கழித்துப்போடுபவற்றில்தான் எப்போதும் எழுதுவாள். இது கழித்த அட்டை இல்லை. வாயுவைச் சேர்க்கும் வரியே இதில்தான் இருக்கிறது.

"மேஜைல தனியா கிடந்துது, வேண்டாததுன்னு நினைச்சேன்," என்றாள்.

அவளைக் கோபித்து என்ன பயன்? மையத்தில் அட்டைகளை எண்ணிப் பார்க்காமல் கொடுத்தது நான். இந்த அட்டையையும் சேர்த்து மறுபடி ஓட்ட இன்னும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் நெறியாளரிடம் போய்ச் சொல்ல வேண்டும். பால்வெளி முழுவதற்கும் வர வேண்டிய வாயுவின் பின்பக்கத்தில், தக்காளி அரைக் கிலோ, கொத்தமல்லி ஒரு கட்டு.