கோட்டுப் போடாத படம்

ஆரையம்பதி
1939 வைகாசி 6

கொழும்பில சும்மா கிடக்கிற இரும்பைத் தூக்கித் தூக்கி வைக்கிற என்ட அருமை மகன் நல்லரத்தினத்துக்கு அப்பா எழுதிறது. நம்மட கோயில் அம்மாளாச்சிட புண்ணியத்தில இஞ்ச நானும் கொம்மாவும் உன்ட தம்பி அழகரத்தினமும் மாடு கண்டும் சுகம். நீயும் சுகமா இருக்க வேணுமெண்டு வழமையா எழுதுவன், இந்த முறை அப்பிடி எழுதக் கை வருகுதில்ல, ஏனெண்டா நீ சாகக் கிடக்கிறாயெண்டுதான் ஒரு மாசமா ஊர் முழுக்க நம்பிக்கொண்டிருக்கு. நான் நாலாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவன், எழுத்தில பிழை கிடந்தா பொறுத்துக்கொள். கோவத்தில பிழை இல்ல, அது சரியாத்தான் கிடக்கு.

உனக்கு நான் என்ன எழுதினன் மனே? செட்டிபாளையத்துச் சீதேவிப்பிள்ளைட மகள் புஸ்பத்துக்கு உன்னைக் கேட்டிருக்கு, சாதகம் பொருந்தியிட்டு, புள்ளையைப் பெத்தவள் மாப்பிள்ளைட முகத்தைப் பாக்க வேணுமாம், கோட்டுப் போட்டு நல்லதா ஒரு படம் எடுத்து அனுப்பு எண்டுதானே எழுதினன். நீ கோட்டைக் கழட்டினாய், சட்டையைக் கழட்டினாய், அதோட நிண்டிருந்தாலும் பறவாயில்ல, தோலுக்குக் கீழ நாங்க இருவத்தஞ்சு வருசமாச் சோறு போட்டு வளத்த சதையையும் கழட்டி வைச்சிட்டு, இடுப்பில ஒரு துண்டுக் களிசானோட, மூச்சை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு நிக்கிறாய். கன்னம் ரெண்டும் குழி, விலா எலும்பை எட்டத்தில நிண்டு எண்ணலாம், கையில ரெண்டு பக்கமும் உருண்டை வைச்ச ஒரு இரும்பு. கவரை உடைச்சது கொம்மாதான், அவள் போட்ட சத்தத்தில பின் வளவில நிண்ட எருமை கயித்தை அறுத்துக்கொண்டு வாவிக்குள்ள இறங்கியிட்டு. எனக்கு முதல்ல ஆளே பிடிபடல்ல, வாவிக்கரைக் கண்ணாப் பத்தைக்குள்ள நிண்ட கொக்கை ஆரோ படம் பிடிச்சு அனுப்பியிருக்கான் எண்டுதான் நினைச்சன். படத்தை ஒளிச்சு வைச்சு வேற படம் கேட்டு எழுதுவம் எண்டு பாத்தன், அதுக்குள்ள படம் வந்த செய்தி கேட்டுச் சீதேவிப்பிள்ளை வண்டில்ல வந்து இறங்கியிட்டாள். வாங்கிப் பாத்தாள், திருப்பிப் பாத்தாள், மறுகா மெல்லமாச் சொன்னாள், இது சயரோகம்தான், என்ட தாய்மாமனும் கடைசியில இப்பிடித்தான் இருந்தவர், கையில இருக்கிறது ஆசுப்பத்திரியில சளி இறங்கக் குடுக்கிற சாமானாக்கும் எண்டு. அவள் சொன்னா ஆர் மறுத்துப் பேசுற? வீட்டு ஆக்களுக்கும் காட்ட வேணுமெண்டு படத்தையும் கொண்டுதான் போனாள். எட்டாம் நாள் உன்ட சாதகம் சம்மந்தம் வேணாமெண்டு கிறுகி வந்திட்டு.

அதையும் பொறுப்பன். இனித்தான் கிடக்கு நான் எரியிற காரணம். கொம்மா உன்ட உசிருக்காக அம்மாளாச்சிக்கு நேந்து, மடிப்பிச்சை எடுத்தாள். உனக்குத் தெரியும் அவளை, பக்கத்து வீட்டில ஒரு கை உப்புக்கும் கை நீட்டாதவள், அடுப்பில நெருப்பு அணைஞ்சாலும் ஆரிட்டயும் கொள்ளி கேக்காதவள். அவள் தலைவிரிச்சு, மஞ்சள் சீலைத் தலைப்பை ஏந்திக்கொண்டு, வெறுங்காலோட, இஞ்ச இருந்து செட்டிபாளையம் வரைக்கும் வீடு வீடாப் போய், என்ட புள்ளைக்குச் சோறு இறங்குதில்ல, ஒரு பிடி அரிசி போடுங்க எண்டு கேட்டாள். மூண்டு நாள். என்னோட பதினாலு வருசமாக் கதைக்காத இளையதம்பி வீட்டிலயும் போய் நிண்டாள், அவனும் அழுதுகொண்டு போட்டானாம். அப்பிடிச் சேந்த அரிசி மூலையில பானை நிறையக் கிடக்கு. நான் நோய் விசாரிச்சு எழுதினதுக்கு நேத்துத்தான் உன்ட காயிதம் வருகுது. அப்பா, எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, டாக்கீசில வாள் வீசுற கதாநாயகன்ட உடம்பு மாதிரி வரவேணுமெண்டு நான்தான் சோத்தை விட்டிட்டன் எண்டு!

அட என்ட ராசா! நெல்லு விளையிற வட்டைக்கு நடுவில பிறந்திட்டு, சோத்தை விட்டாயாமே. ரெண்டு அவிச்ச முட்டையும் உப்பில்லாத கீரையும் திங்கிறாயாம். விடியக்காலம காலிமுகத்திடல்ல ஓடுறாயாம், துரத்துறது ஆர்? கடனுமில்ல, நாயுமில்ல, என்னத்துக்கு ஓடுற? தூக்கின இரும்பை எங்கயும் கொண்டு போகாம எடுத்த இடத்திலயே வைக்கிறாயாம், இஞ்ச நாங்க ஒரு மூட்டையைத் தூக்கினா அது களத்தில இருந்து வண்டிலுக்காவது போகும். ஒவ்வொரு நாளும் நாடாவால வயித்தை அளக்கிறாயாமே, நீ என்ன சீலைக் கடையா? வயித்தில வரி வரியாச் சதை தெரியுதெண்டு எழுதினாயே, அந்த வரியெல்லாம் என்ட வயித்திலயும் கிடக்கு, தோணி தள்ளியும் மண்வெட்டி பிடிச்சும் வந்தது, நாப்பது வருசமாக் கிடக்கு, ஒருத்தனும் படம் பிடிக்க வரல்ல, கொம்மாவும் ஒரு நாள் வாய் திறந்து நல்லாக் கிடக்கு எண்டு சொன்னவளில்ல. காத்தான்குடிப் பக்கீர் காக்கா சீலை எடுக்கக் கொழும்புக்கு வந்து உன்னைக் கண்டவராம், நேத்துப் பின்னேரம் அவர்தான் வந்து சொன்னார், பொடியன் குதிரை மாதிரி இரிக்கான் போடியார், ஆனா சாப்பிடக் கூட்டிப் போனா சோத்துக் கோப்பையைக் கண்டு பேயைக் கண்டவன் மாதிரிக் கதிரையைத் தள்ளிப் போட்டான் எண்டு.

உன்ட காயிதத்தை நான் வாசிக்கக் கொம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். ஏசுவாள் எண்டு பாத்தன். ஏசல்ல. அப்ப அந்த அரிசியை என்ன செய்ற எண்டு மட்டும் கேட்டாள். திருப்பிக் குடுக்க ஏலாது, எந்தப் பிடி ஆருட எண்டு எப்பிடிப் பிரிக்கிற? வீட்டில உலை வைக்கவும் கூடாது, அது அம்மாளாச்சிட அரிசி. மகன் வேணுமெண்டுதான் பட்டினி கிடந்தவன் எண்டு நான் வெளியில சொன்னா, நாளைக்குக் கொம்மா கிணத்தடிக்குப் போக ஏலாது, சின்னப் புள்ளையளும் சிரிக்கும். சொல்லாம விட்டா நீ சயக்காரன், உனக்கு இந்தப் பக்கத்தில ஒருத்தரும் பொண்ணு தரமாட்டாங்க. அதனால நான் வாயைப் பொத்திக்கொண்டிருக்கன், பக்கீர் காக்காட வாயையும் ஒரு முட்டி தயிர் குடுத்துப் பொத்தியிருக்கன். நேந்தது எப்பிடியெண்டா, வாற பறுவத்தண்டைக்கு, முழு நிலாவில, அம்மாளாச்சியைக் குளிர வைக்கிற திருக்குளிர்த்திச் சடங்கு, அண்டைக்கு அந்த அரிசியில பொங்கல், முதல் பிடியை நீ எல்லாரும் பாக்கத் திண்ண வேணும். ஒரு பிடியெண்டு எழுதிறன், நீ ஒரு சட்டி திண்ண வேணும், வழிச்சுத் திண்ண வேணும். புள்ளைக்குச் சோறு இறங்கியிட்டு எண்டு ஊர் பாக்கட்டும், அம்மாளாச்சிக்கும் பேர் வரட்டும், கொம்மாவும் நிமிந்து நடக்கட்டும். இதை நீ செய்யல்லயெண்டா அந்த இரும்போடயே குடும்பம் நடத்து, நான் சாட்சிக் கையெழுத்து வைக்கிறன்.

இன்னுமொண்டு. கொம்மா செட்டிபாளையத்துக்கு மடி ஏந்திப் போன அண்டைக்குச் சீதேவிப்பிள்ளை கோயிலடிக்குப் போயிட்டாளாம், அரிசி போட்டது புஸ்பம். ஒரு பிடி இல்ல, ஒரு கொத்து அரிசியைக் கொட்டிப் போட்டு, தலையைக் குனிஞ்சுகொண்டு கேட்டாளாம், மாமி, நோய்க்காரன் எண்டா அவ்வளவு பெரிய இரும்பை ஒத்தைக் கையால தூக்க ஏலுமா எண்டு. கொம்மா அப்ப அழுத அழுகையில அதைக் கணக்கெடுக்கல்ல, நேத்து ராத்திரி உன்ட காயிதத்தைக் கேட்டாப்பிறகுதான் சொல்றாள். மறுகாத்தான் எனக்கு இன்னொண்டு பிடிபட்டுது. சாதகம் கிறுகி வந்ததே, படம் வரல்ல. கேட்டனுப்பினதுக்கு, வீடு முழுக்கத் தேடியாச்சு, எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் எண்டு சீதேவிப்பிள்ளை சொல்லி விட்டவள். அந்த எலி ரெண்டு சடை பின்னின எலியெண்டு நான் நினைக்கிறன். அந்தப் புள்ளைட கண்ணுக்கு என்ன வந்ததோ எனக்கு விளங்குதில்ல, கொக்கைப் பாத்து ஆசைப்பட்டிருக்கு.

உனக்கு நீண்ட ஆயுசும் நிறைஞ்ச வயிறும் அம்மாளாச்சி தரட்டும். அழகரத்தினம் உன்னைப் பாத்து உரலைத் தூக்கப் பாத்து முதுகு பிடிச்சுக் கிடக்கிறான், அவனுக்கும் சேத்து உனக்குத்தான் ஏச்சு. பறுவத்துக்கு மூண்டு நாளைக்கு முந்தின ரயிலில ஏறு, கோட்டை மறக்காமக் கொண்டு வா, மறுகா போடலாம். கோயிலுக்குள்ள ஆம்பிளையள் மேலுடுப்பைக் கழட்டித்தான் நிக்க வேணும், உனக்குத் தெரியும். செட்டிபாளையத்து ஆக்களும் முன்னுக்குத்தான் நிப்பாங்க. அண்டைக்கு மட்டும் மூச்சை உள்ளுக்கு இழுக்காத மனே, சோத்தைத் திண்டுபோட்டு நில்லு.

இப்படிக்கு,
ஒருத்தரும் படம் பிடிக்காத உன்ட அப்பா
மாமாங்கப்போடி