ஃபீட்டே எழுந்திருக்கவில்லை

அன்புள்ள அம்மா,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம். ட்ரொம்சோவில் மார்ச்சிலும் பனிதான்.

“தனியா இருக்கே, துணைக்கு இருக்கட்டும்” என்று நீ கொடுத்தனுப்பிய அப்பாவின் ஆமை ஃபீட்டே போய்விட்டது. குளிர்காலம் முழுக்கத் தூங்குவதற்காக அப்பா செய்வதுபோலவே, ஒரே சீரான குளிர் இருக்கட்டும் என்று அதற்கென்றே வைத்த சின்ன ஃபிரிட்ஜில் படுக்கவைத்தேன், எழுந்திருக்கவே இல்லை.

“தூங்க வைக்கறதுக்கு முன்னாடி எச்சத்தைச் சோதிக்கலையா? குடல் பூரா புழு” என்றார் மிருக டாக்டர். அப்பா இருந்திருந்தால் மறந்திருக்க மாட்டார்.

அழாதே, அதற்கு என்னைவிட வயது அதிகம். இனிமேல் அதற்குத் தின்னக் காய்ந்த கீரை அனுப்ப வேண்டாம். அப்பாவின் கம்பளிக் காலுறை இருந்தால் அனுப்பு.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், பஸ் வரும் நேரம். அந்த ஃபிரிட்ஜில் இப்போது பால் வைக்கிறேன். கதவை மட்டும் இன்னும் சத்தமில்லாமல்தான் மூடுகிறேன்.

உன் வீப்கே