நானே கேட்டு வாங்கிய மாற்றல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். அப்பா புதுக் கண்ணாடி வாங்கியிருக்கிறார், அதை மூக்கில் மாட்டிக்கொண்டே வீடெல்லாம் தேடுகிறார். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, நானே சரிசெய்கிறேன் என்று இறங்கினார், இப்போது சமையலறைக் குழாயும் சேர்ந்து ஒழுகுகிறது. போன வாரம் போனில் குரல் ஒரு மாதிரி இருக்கே என்று கேட்டாய், சளி என்று சொல்லி வைத்தேன். சளியும் இல்லை ஒன்றும் இல்லை. வாயால் சொல்ல வராததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலிருந்து என்னைத் தையல் அறைக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா, அது பொய். நானே சூப்பர்வைசரிடம் தனியாகப் போய் எழுதிக் கொடுத்து வாங்கினேன். முழங்கால் வலி என்று காரணம் எழுதினேன், அது பாதிதான். மீதி என்னவென்றால் எனக்கு அலுத்துவிட்டது கண்ணு. பதினாறு வருஷம் அந்த ஆவியில் நின்று, மெஷின் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசி, அதே ஆட்கள் சொல்லும் அதே மருமகன் கதையைக் கேட்டு. தையல் அறையில் ஒரு ஜன்னல் இருக்கிறது, உட்கார்ந்து கிழிசல் தைக்கலாம், அவரவர் வேலையை அவரவர் பார்ப்பார்கள். அதற்கு ஆசைப்பட்டேன். உத்தரவு வந்த அன்று எங்கள் ஆட்கள் ஐந்து பேரும் சுற்றிக்கொண்டு என்னாச்சு என்னாச்சு என்றபோது, நானா கேட்டேன், அவங்களா தூக்கிப் போட்டுட்டாங்க என்று வாயில் வந்துவிட்டது. அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை.

நெட்டை அக்காவை உனக்குத் தெரியுமே. பெரிய படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும், பதினாறு வருஷமாக என் ஜோடி அக்காதான். என் உயரத்துக்குக் குனிந்து குனிந்தே அவர் முதுகு போச்சு என்று எல்லோரும் கேலி செய்வார்கள். அந்த அக்கா கொதித்துப் போய்விட்டார். பதினாறு வருஷம் உழைச்சவளை இப்படித் தூக்கி அடிக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு என்று எல்லார் முன்னாலும் சூப்பர்வைசரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டார். அந்த மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நான் எழுதிக் கொடுத்தது அவர் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது, எடுத்துக் காட்டியிருக்கலாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்றிலிருந்து ஒருவரும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, நானும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

கடைசி நாள் கேக் வெட்டினார்கள். பழைய விரிப்பில் பஞ்சு அடைத்து நான் உட்கார ஒரு மெத்தை தைத்திருந்தார்கள், தையல் கோணல்மாணலாக இருந்தது, போன உடனே முதல் வேலையா இதைப் பிரிச்சுத் தச்சுக்கோ என்று சொல்லிச் சிரித்தார்கள். அப்புறம் அக்கா ஒரு காகிதத்தை நீட்டினார். என்னைத் திரும்ப அனுப்பச் சொல்லி நிர்வாகத்துக்கு மனு, ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நீயும் ஒண்ணு போடு, நாளைக்கே மேலே போய்ப் பார்க்கிறேன் என்றார். கையிலிருந்த கேக்கைக் கீழே வைத்தேன். அங்கேயே உடைத்துச் சொல்லிவிட்டேன், கேட்டதே நான்தான் என்று.

ஒருவரும் திட்டவில்லை. அக்கா மனுவை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரே சூப்பர்வைசர் அறைக்குப் போனார், மன்னிப்புக் கேட்கத்தான். திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல், எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே எழுதிக் கொடுத்திருப்பேனே என்று மட்டும் சொன்னார். இன்றோடு பத்து நாள் ஆகிறது. என் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. நேற்று அந்த வழியாகப் போனேன், மற்றவர்கள் இரண்டு இரண்டு பேராக மடிக்க, அக்கா விரிப்பின் முனையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு தனியாக மடித்துக்கொண்டிருந்தார். உள்ளே போகாமல் அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

இதை உனக்கு எழுதக் காரணம் இருக்கிறது. ஆறு வருஷத்துக்கு முன்பு நீ ஊரை விட்டுக் கிளம்பும்போது, கம்பெனி அனுப்புதும்மா, நான் என்ன செய்யட்டும் என்றாய். நீயே கேட்டு வாங்கியது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். மேஜையைத் துடைக்கும்போது நீ எழுதிக் கொடுத்ததன் நகலைப் பார்த்தேன். அப்பாவிடம்கூட மூச்சு விடவில்லை. எங்களைப் பிடிக்காமல்தான் போகிறாய் என்று மனதில் வைத்துக்கொண்டு, நீ பேசும்போதெல்லாம் கம்பெனி எப்போது திருப்பி அனுப்பும் என்று வேண்டுமென்றே கேட்பேன். நீ திணறுவாய், எனக்கு அதில் ஒரு திருப்தி. பெற்றவள் செய்கிற காரியமா இது. பிடித்தவர்களை விட்டுப் போகவும் ஒருத்திக்கு ஆசை வரும் என்று எனக்கே நடந்த பிறகுதான் புரிகிறது. அம்மாவை மன்னித்துவிடு. இனி அந்தக் கேள்வி என் வாயில் வராது.

பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போடாதே. உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இருப்பாய். யாரும் உன்னை இங்கே அனுப்ப வேண்டாம், உனக்கே வரவேண்டும் என்று தோன்றுகிற அன்றைக்கு வா.

என்றும் உன்
அம்மா