வெறுங்கை விசில்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் அத்தை எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அங்கே அப்படித்தான் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவின் இரங்கல் கூட்டத்தில் நான் விசிலடித்தேன். வாயில் இரண்டு விரலை விட்டு, அத்தனை பெரிய மனிதர்கள் முன்னாலும். எவனாவது படம் பிடித்து உனக்கு அனுப்புவதற்குள் நானே எழுதிவிடலாம் என்று இஸ்திரி மேஜைமேல் தாளை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். தாள் ஓரம் பழுப்பாக இருந்தால் அது மேஜைச் சூடு. அத்தை அழுதிருக்கிறாள் என்று கற்பனை செய்யாதே. போனில் என்றால் உன்னைச் சிரிக்கவைத்துவிட்டு, சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். எழுத்தில் எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. படித்த படிப்பு அப்படி.

கூட்டம் உங்கள் வீட்டுக்குப் பின்னால், நாய்க்கூண்டுகள் இருக்கும் இடத்தில்தான். வேட்டை நாய்ச் சங்கத்துக்காரர்கள் எங்கெங்கிருந்தோ வந்தார்கள். தனியாக வரவில்லை, நாயோடு வந்தார்கள். வேலி நெடுகக் கட்டியிருந்த நாய்களில் பாதிக்கு மேல் உன் அப்பா பழக்கியவை, மிச்சம் அவற்றின் பிள்ளைகுட்டிகள். வந்தவர்கள் எல்லோரும் முதலில் அவர் போட்டோவைப் பார்த்தார்கள், அடுத்தபடியாகப் பக்கத்து ஆளின் நாயைப் பார்த்தார்கள். துக்கம் துக்கம்தான், ஆனால் நாயின் காலையும் நெஞ்சையும் எடைபோடாமல் அவர்களால் இருக்க முடியுமா.

சங்கத் தலைவர் பேசினார். நீ ஒலிபெருக்கி என்று பேர் வைத்தாயே, அவரேதான். அவர் பேச்சில் உன் அப்பா சிங்கமானார், மலையானார், கடைசியில் விளக்கானார். நாய் என்ற வார்த்தை மட்டும் வரவேயில்லை. அப்புறம் கறிக்கடைக்காரர் எழுந்தார். ஒரு போட்டியில் தன் நாய் முயலைப் பிடித்தும், உன் அப்பா பரிசை அதற்குக் கொடுக்கவில்லையாம். முயலை எட்டிப் பிடிக்கிற நேரத்தில் விசில் கேட்டுத் திரும்பி வந்த இன்னொரு நாய்க்குக் கொடுத்தாராம். ஓடுகிற நாய் எங்கேயும் கிடைக்கும், பாதியில் கூப்பிட்டால் வருகிற நாய்தான் நாய் என்றாராம். கோபம் ஆறியதும் தன் நாயை அவரிடமே பழக்க விட்டிருக்கிறார். பிறகு ஒருநாள் அது லாரிக்கு முன்னால் பாய்ந்தபோது கூப்பிட்டதும் திரும்பி வந்ததாம். அவ்வளவுதான் சொன்னார், உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள்.

அடுத்து என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். என்னைப் போய். கல்யாணப் போட்டோவில் அண்ணன் ஏன் பக்கவாட்டில் பார்க்கிறார் என்ற கதையைச் சொன்னேன். உனக்குத் தெரியுமே, வெளியே ஒரு நல்ல நாய் போயிற்று. சிரித்தார்கள். நாலு பேர் சிரித்துவிட்டால் உன் அத்தைக்குத் தலைகால் புரியாது. கூட்டத்தில் ஒருவன், அக்கா, அண்ணன் விசிலை ஒருதரம் அடிச்சுக் காட்டுங்க என்றான். அந்த விசிலைச் சின்ன வயசில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் பழகினோம். நீளமாக இழுத்து, முடிவில் சின்னதாக ஒரு வெட்டு. அவருடையதா என்னுடையதா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அடித்துவிட்டேன்.

வேலியில் இருந்த நாய்கள் மொத்தமும் எழுந்தன. கழுத்து வாரை இழுத்த இழுப்பில் வேலியோரம் இருந்த இரண்டு நாற்காலி சாய்ந்தன. ஒன்றில் ஒலிபெருக்கி இருந்தார். கைதட்டினார்கள். நானும் மேடை நடிகை மாதிரி தலை வணங்கினேன். அப்போதுதான் புகை வந்தாள்.

புகை உன் அப்பாவின் கடைசி நாய். நீ போன பிறகு வந்தவள், சாம்பல் நிறம், கிழவியாகிவிட்டாள். அண்ணன் போனதிலிருந்து வாசல் கதவடியில் மூக்கை வைத்துக்கொண்டு கிடந்தாள். பிறகு மெல்ல மெல்லக் கதவை விட்டு நகர்ந்து அவர் கட்டிலடியில் படுத்தாள். உன் அம்மா கையால் கொஞ்சம் தின்னவும் ஆரம்பித்திருந்தாள். இனி வரமாட்டார் என்று அவளாகவே ஒரு மாதிரி மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள். என் விசிலுக்கு எழுந்து, ஆட்களுக்கு நடுவே புகுந்து, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வாலை ஆட்டிக்கொண்டு வேலி வாசலுக்குப் போய் நின்று சாலையைப் பார்த்தாள்.

அவளுக்குப் பின்னால் உன் அம்மா வந்தாள். கூட்டத்தில் உட்கார முடியாது என்று சமையலறையில் இருந்தவள். வேட்டையிலிருந்து திரும்பும்போது அவர் தெருமுனையில் அதே விசிலைக் கொடுப்பார், குளிக்க வெந்நீர் போடச் சொல்லி. உன் அம்மா அடுப்பில் தண்ணீரை ஏற்றிவிட்டு, தோளில் அவர் துண்டோடு வந்து நின்றாள். நின்ற பிறகுதான் நினைவு வந்தது அவளுக்கு. யார் முகத்தையும் பார்க்காமல் துண்டை மடித்தாள். மடித்ததையே பிரித்துத் திரும்ப மடித்தாள். கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது.

எத்தனையோ பேரைக் கேலி செய்திருக்கிறேன், மருமகனே. ஒருநாளும் மனசு உறுத்தியதில்லை. அன்றைக்கு இந்த இரண்டு விரலையும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

விசில் விஷயத்தில் அண்ணன் கறார். வெறுங்கையோடு விசிலடிக்கக் கூடாது. நம்பி ஓடி வந்த நாய்க்குக் கையில் ஒன்றும் இல்லையென்றால் அது பொய் சொன்ன மாதிரி என்பார். அந்தப் பொய்யைத்தான் நான் சொல்லிவிட்டேன், அதுவும் அவர் குரலிலேயே. அன்றிலிருந்து புகை மறுபடி கதவடிக்குப் போய்விட்டாள். தட்டை அங்கேயே கொண்டுபோகிறேன். முகர்ந்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள், கூப்பிட்டாயே, எங்கே ஆள் என்பது போல. அவள் தின்னட்டும், அப்புறம் நான் சாப்பிடுகிறேன் என்கிறாள் உன் அம்மா. நாய் வைத்தியர் வந்து பார்த்தார். உடம்பில் ஒன்றுமில்லை, இப்படியே பட்டினி கிடந்தால் தாங்காது என்றார். எதனால் இப்படி ஆயிற்று என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். வெட்கம்.

அவர் கறார் இன்னொன்றிலும் உண்டு. வருமா வராதா என்று சந்தேகம் இருந்தால் விசிலடிக்கவே கூடாது. ஒருதரம் கேட்டும் வராமல் இருந்து பழகிவிட்டால், அப்புறம் அது வெறும் காற்று. நீ கோபித்துக்கொண்டு போன பிறகு, அவனை ஒரு வார்த்தை வா என்று கூப்பிடக் கூடாதா என்று அவரோடு சண்டை போட்டேன். குட்டிக்குக் காது துடைத்துக்கொண்டே, வருவானா என்று கேட்டார். எனக்கென்ன தெரியும் என்றேன். அப்ப எப்படிக் கூப்பிடுறது என்றார். பெற்ற பிள்ளைக்கும் நாய்க்கும் ஒரே சட்டமா என்று அதையும் கேலி செய்தேன். அவர் அந்தக் காதையே துடைத்துக்கொண்டிருந்தார். இதை உனக்கு அப்போதே எழுதியிருக்கலாம். சிரிப்பாக இருந்ததால் எழுதவில்லை.

நீ அடக்கத்துக்கு வராததை யாரும் குறை சொல்லவில்லை. ஒருவன் சொன்னான். அவன் சட்டை என் கடைக்குத்தான் இஸ்திரிக்கு வரும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

போன வாரம் நீ பேசியபோது உன் அம்மா போனைச் சத்தமாக வைத்திருந்தாள். கதவடியில் இருந்த புகை காதைத் தூக்கினாள். நீ ஒத்துக்கொண்டாலும் இல்லாவிட்டாலும் உன் தொண்டை அவர் தொண்டைதான்.

நான் உன்னை வா என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டு நீ வராமல் போனால் அப்புறம் எனக்கு என்ன மதிப்பு. வாசல் கதவு இப்போது ராத்திரியும் திறந்துதான் இருக்கிறது, அவள் குறுக்கே படுத்திருப்பதால் சாத்த முடியவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து யாராவது வருவதாக இருந்தால், வெறுங்கையோடு வரவேண்டாம் என்று சொல். ஒரு துண்டு ரொட்டி போதும்.

வேளைக்குச் சாப்பிடு. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வாயாடி அத்தை

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் ஒரு செய்தி. இன்று உன் அம்மா குக்கரில் கிழங்கு வைத்தாள். விசில் வந்தது. இத்தனை வருஷமும் அந்தக் குக்கரைத் திரும்பிப் பார்க்காத புகை, கதவடியிலிருந்து எழுந்து வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். அடுத்த விசிலுக்கு வாலை ஆட்டினாள். அடுப்பை அணைக்க உன் அம்மாவுக்கு மனசு வரவில்லை. எனக்கும் வரவில்லை. கிழங்கு தீய்ந்துவிட்டது. குக்கரும் போயிற்று.